தலையாட்டியது நான்தான்

என் கணவர் ஊர் கேட்க என்னைப் புகழ்ந்து பேசியது ஒரே ஒரு முறை. அந்தப் பேச்சை அரசாங்கத்தின் காப்புரிமை அலுவலகம் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, ‘ஆவணம் ஒன்று’ என்று பெயர் வைத்து, என் விண்ணப்பத்தை நிராகரித்த உத்தரவுக்குள் சேர்த்திருக்கிறது. “என் வீட்டுக்காரிக்கு இருக்க மூளை இந்தப் பந்தல்ல ஒருத்தருக்கும் கெடையாது” என்று அவர் சொன்ன வரி மட்டும் மொழிபெயர்ப்பில் இல்லை. சட்டத்துக்கு அது தேவைப்படவில்லை. உத்தரவு வந்ததும் நான் முதலில் தேடியது அந்த வரியைத்தான்.

நான் பிசியோதெரபிஸ்ட். தூத்துக்குடியில் பாளையங்கோட்டை ரோட்டில் ஒரு சின்ன மருத்துவமனையின் மாடியில் வேலை. நாள் முழுக்க அடுத்தவர் கையையும் காலையும் தூக்கி இறக்குவதுதான் பிழைப்பு. அவர் சரக்குக் கப்பலில் என்ஜினியர். பல மாதம் கடல், கொஞ்ச நாள் வீடு. துறைமுகம் இருக்கிற ஊரில் கப்பல்காரனுக்குக் கட்டிக் கொடுத்தால் பிள்ளை அடிக்கடி புருஷனைப் பார்க்கலாம் என்று என் அப்பா கணக்குப் போட்டார். அவர் கயத்தாறுப் பக்கத்து ஆள். கப்பல் என்றால் பஸ் மாதிரி, அந்தந்த ஊர் ஸ்டாண்டில் வந்து நிற்கும் என்று நினைத்திருந்தார். எங்களுக்குக் கல்யாணமான நாளிலிருந்து இன்றுவரை என் கணவர் ஏறிய கப்பல் ஒன்றுகூடத் தூத்துக்குடிக்கு வந்ததில்லை. துறைமுகத்தில் சங்கு ஊதினால் இன்றைக்கும் எனக்குத் தலை திரும்பும். வேறு யார் வீட்டுக்காரரோ வந்திருப்பார்.

என் மாமியாருக்குப் பக்கவாதம் வந்தபோது என் கணவர் பிரேசில் பக்கம் எங்கோ இருந்தார். வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் குழறியது. மாமனார் காலமான பிறகு கருப்பட்டி மண்டியையும் குத்தகை உப்பளத்தையும் ஒற்றை ஆளாகக் கட்டி மேய்த்தவர் அத்தை. கட்டிலில் கிடந்துகொண்டு வீட்டில் எல்லாரையும் அதே மாதிரி மேய்க்கப் பார்த்தார். உடற்பயிற்சிக்கு மட்டும் உடன்படவில்லை. வைத்தியர் வீட்டுப் பிள்ளைக்குத்தான் சீக்கு என்பார்கள். எங்கள் வீட்டில் அது மாமியாருக்கு. ஊரில் இருக்கிற முடங்கிய காலையெல்லாம் நடக்க வைக்கிற மருமகளை எட்டிப்போ என்றுவிட்டார்.

“விழுந்திருவேன்ளா. என்னய விட்டுரு. கெடந்த கெடையா கெடக்கேன்.”

அவருக்கு விழுவதில்தான் பயம். பக்கவாதம் வந்த பலருக்கும் அந்தப் பயம் உண்டு. கால் பாதி தேறினாலும் பயம் தேறுவதில்லை. நான் கெஞ்சினேன், மிரட்டினேன், பேசாமல் இருந்தும் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

என் கணவர் லீவில் வந்ததும் அத்தை முதலில் கேட்டது அளத்தைப் பார்க்க வேண்டும் என்பதுதான். தருவைகுளம் போகிற வழியில் எங்கள் உப்பளம். காரில் தூக்கி வைத்து, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியையும் டிக்கியில் போட்டுக்கொண்டு போனோம். உப்பு விளையும் பாத்தி ஓரத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார வைத்தோம். வெயில். காலைத் தண்ணீரில் விடச் சொன்னார். விட்டோம். கொஞ்ச நேரத்தில் அந்த வராத வலது கால் தானாக மேலே எழுந்து மிதந்தது.

“ஏலே, இங்கன பாரு. என் காலு எந்திரிக்கி.”

தாயும் மகனும் சிரித்தார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை. தண்ணீரில் நடக்கப் பழக்குவது எங்கள் தொழிலில் புதிது இல்லை. உப்புத் தண்ணீர் ஆளைத் தூக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் உப்பளத்தில் இருப்பது ஒரே தண்ணீர் இல்லை. கடல் தண்ணீராக உள்ளே வருவது, ஒவ்வொரு வரப்பாகத் தாண்டும்போது வெயிலில் கெட்டியாகி, கடைசிப் பாத்தியில் உப்பாகப் படிகிறது. அடுத்தடுத்த வரப்புக்குள் அடுத்தடுத்த கனத்தில் தண்ணீர். அதைத் திருப்பிப் போட்டால் என்ன என்று தோன்றியது. நோயாளியை முதலில் கெட்டித் தண்ணீரில் நிறுத்துவது. அதில் அவர் விழவே முடியாது, தண்ணீர் விடாது. பிறகு அதைவிட லேசான தண்ணீர். கடைசியாக நல்ல தண்ணீர். அவருடைய எடையை அவருக்கே தெரியாமல் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே வந்தால் பயம் எந்த வரப்பில் போயிற்று என்றே தெரியாது.

வீட்டுக்குத் திரும்பும்போது காரிலேயே இதை என் கணவரிடம் சொன்னேன். அவர் வண்டியை ஓரம் கட்டி, இறங்கி, ரோட்டோரப் புழுதியில் ஒரு குச்சியால் தொட்டி ஒன்றை வரைந்தார். மூன்று அறை, நடுவில் கதவு, கீழே குழாய். பின்சீட்டில் அத்தை, “கரண்டு பில்லு யாரு கெட்டுதது?” என்று கேட்டார்.

தொட்டி கட்டிய அந்த மாதங்களைப் பற்றித்தான் உண்மையில் நான் எழுத நினைக்கிறேன். மற்றதெல்லாம் அதைச் சுற்றி வந்தது. அளத்துப் பம்பு ஷெட்டை ஒட்டி சிமெண்டுத் தொட்டி எழும்பியது. அவர் கப்பல் பழக்கத்தில் ஒவ்வொரு வால்வுக்கும் ஒரு நிறம் அடித்தார். கெட்டித் தண்ணீருக்குச் சிவப்பு, நடுத் தண்ணீருக்கு மஞ்சள், நல்ல தண்ணீருக்கு நீலம். நான் காலையில் மருத்துவமனை, மதியத்துக்கு மேல் ஸ்கூட்டரில் அளம். சோற்று வாளியைத் தூக்கிக்கொண்டு போவேன். அவர் டீசல் போட்டுக் கையைக் கழுவி, அப்புறம் சோப்பு போட்டுக் கழுவி, அப்படியும் போகாத டீசல் வாடையோடு சாளை மீன் குழம்பைப் பிசைந்து சாப்பிடுவார். மேற்கிலிருந்து வீசுகிற கச்சான் காற்று சோற்றில் மணலைப் போடும். “உப்பு போதுமா?” என்று நான் கேட்பேன். உப்பு மலைக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு கேட்கிற கேள்வியா என்று அவர் சிரிப்பார்.

சண்டையும் உண்டு. கைப்பிடிக் கம்பியின் உயரத்தைப் பற்றி ஒரு வாரம் பேசாமல் இருந்தோம். அவர் ஆம்பளை இடுப்பு உயரத்துக்கு வைத்துவிட்டார். நான் அத்தை உயரத்துக்கு வேண்டும் என்றேன். வெல்டரை வைத்துக்கொண்டே, “படிச்சவ சொல்லுதா, அறுத்துப் போடு” என்றார். அதில் பாராட்டு இல்லை, குத்தல்தான் இருந்தது. பிறகு காய்ந்த தொட்டிக்குள் என்னை இறக்கி, முட்டியை மடக்கி அத்தை உயரத்துக்கு நிற்கச் சொல்லி, அளவெடுத்துக் கம்பியை மாற்றினார். அளவு நாடா என் இடுப்பைச் சுற்றிப் போனபோது வெல்டர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதுவரை அவரை நான் விருந்தாளியாகத்தான் பார்த்திருந்தேன். லீவில் வருகிற கப்பல்காரர்கள் எல்லாரும் கொஞ்சம் விருந்தாளிகள்தான். புதுச் சட்டை, சாக்லேட், சொந்தக்காரர் வீட்டு விருந்து, பிறகு பெட்டி கட்டுதல். அவர் சலித்துப்போய், சோம்பி, முகம் கழுவாமல் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. பம்பு ஷெட்டில் பார்த்தேன். மோட்டார் எரிந்துபோன ஒரு நாள், சுவரில் சாய்ந்து ஒரு மணி நேரம் ஒன்றும் செய்யாமல் பீடி குடிக்கிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நானும் சும்மா உட்கார்ந்திருந்தேன். பேச எங்களிடம் ஒன்றும் இல்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு நிம்மதியாக நான் இருந்ததில்லை. கம்பெனியிலிருந்து அடுத்த கப்பலுக்குக் கூப்பிட்டபோது, அம்மாவுக்கு முடியவில்லை என்று தள்ளிப் போட்டார். அம்மாவுக்காக மட்டும் இல்லை என்று எனக்குத் தெரிந்தது, அவருக்கும் தெரிந்தது.

அத்தை சிவப்புத் தண்ணீரில் இறங்கினார். உடம்புக்குத் தேங்காய் எண்ணெய் தேய்த்து, காலில் கீறல் இருக்கிறதா என்று பார்த்துத்தான் இறக்குவேன். முதல் நாள் என் கழுத்தைப் பிடித்த பிடியில் தாலிக்கொடி அறுந்திருக்கும். ஆனால் விழவில்லை. விழப் பார்த்தும் விழ முடியவில்லை. அது தெரிந்ததும் அவருக்குத் தைரியம் வந்துவிட்டது. தைரியத்தோடு அதிகாரமும் வந்துவிட்டது. மஞ்சளுக்கு வந்தார். நீலத்துக்கு வந்தார். ஒரு நாள் தொட்டியிலிருந்து ஏறி, குச்சியை ஊன்றி, பம்பு ஷெட் வாசல்வரை நடந்து போய், அங்கே நின்று திரும்பி, மோட்டாரை ஏன் அணைக்காமல் வைத்திருக்கிறீர்கள் என்று எங்கள் இரண்டு பேரையும் ஏசினார். நான் அழுதுவிட்டேன்.

அத்தைக்கு ஒரு வேண்டுதல் இருந்தது. எங்கள் மாமனார் ஊர் திருச்செந்தூர்ப் பக்கம், செம்மணல் தேரிக்காட்டை ஒட்டிய பனங்காட்டு ஊர். அங்கே அம்மனுக்கு வருஷத் திருவிழா, கொடை என்போம். அந்தக் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. நேர்ந்துகொண்டது நடந்துவிட்டால், மதியக் கொடையில் கோயிலுக்கு வரி கொடுக்கிற குடும்பத்தார் எல்லாம் கூடியிருக்கும்போது, என்ன கேட்டேன், எப்படிக் கிடைத்தது என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஒன்றையும் மறைக்கக்கூடாது. மறைத்தால் வந்த வரம் வந்த வழியே போய்விடும். ஒருவர் கடன் அடைந்ததைச் சொல்வார், இன்னொருவர் மகளுக்கு வரன் அமைந்ததை ஜாதகப் பொருத்தம் முதற்கொண்டு சொல்வார். சோறு ஆறிப்போகும். ஒருவரும் எழுந்து போக மாட்டார்கள்.

அத்தைக்குப் பேச்சு இன்னும் சரியாக வரவில்லை. அதனால் மகன் மைக்கைப் பிடித்தார். அவர் பேச்சு தெரிந்தவர் இல்லை. எங்கள் கல்யாண ரிசப்ஷனில்கூட, “எல்லாரும் சாப்பிட்டுட்டுப் போங்க” என்பதற்கு மேல் அவருக்கு வரவில்லை. அன்றைக்கு மைக்கைத் தொண்டையில் இடிக்கிற மாதிரி வைத்துக்கொண்டு ஆரம்பித்தார். எந்தப் பாத்தித் தண்ணீர், எத்தனை டிகிரிக் கனம், எத்தனை அறை, கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும், குழாய் எங்கே வர வேண்டும், கம்பி எவ்வளவு உயரம், புண் இருந்தால் இறக்கக்கூடாது, ஏறியதும் நல்ல தண்ணீரில் குளிப்பாட்ட வேண்டும். இன்னொரு தொட்டி கட்ட நினைப்பவர் கொத்தனாரைக் கூப்பிட்டால் போதும், அவ்வளவு தெளிவு. உள்ளூர்ப் பையன்கள் நடத்துகிற யூடியூப் சேனலில் கொடை முழுக்க நேரலையாகப் போய்க்கொண்டிருந்தது.

நடுவில் அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இதெல்லாம் இவளுடைய யோசனை, நான்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போகிறேனே என்று. பேச்சை நிறுத்தி, பெண்கள் பக்கம் என்னைத் தேடினார். மைக்கை எடுக்காமலே கேட்டார்.

“என்னளா, மிச்சத்தையும் சொல்லட்டுமா?”

பந்தல் சிரித்தது. நான் தலையாட்டினேன். அதற்குப் பிறகுதான் அந்த வரி வந்தது. என் வீட்டுக்காரிக்கு இருக்க மூளை இந்தப் பந்தல்ல ஒருத்தருக்கும் கெடையாது. எனக்குக் காது வரைக்கும் சுட்டது. பக்கத்தில் இருந்த மதினி என் தொடையில் கிள்ளினாள். அவர் மைக்கைக் கீழே வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் பந்தி பரிமாறப் போய்விட்டார். அன்று என் இலையில் அவர் சோறு போட்டபோது அப்பளம் இரண்டு வைத்தார்.

அதற்குப் பிறகு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஆலந்தலையிலிருந்து ஒரு சங்குகுளிக்காரரை அவர் மனைவி கூட்டி வந்தாள். கடல் ஆழத்திலிருந்து சட்டென்று மேலே வந்ததில் இடுப்புக்குக் கீழே மரத்துப்போனவர். அவரும் தேறினார். கோயம்புத்தூரில் மருத்துவக் கருவி செய்கிற கம்பெனி ஒன்றிலிருந்து ஒருவர் வந்து தொட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். காப்புரிமை வாங்கிவிட்டால் இதை ஃபைபரில் செய்து மருத்துவமனைகளுக்குக் கொடுக்கலாம், தூத்துக்குடியிலேயே பட்டறை போட்டு உங்கள் வீட்டுக்காரரையே பொறுப்பில் வைக்கலாம் என்றார். காப்புரிமை இல்லாவிட்டால் ஆளாளுக்குச் செய்துவிடுவார்கள், முதல் போட்டுப் பிரயோஜனம் இல்லை.

அவர் போன பிறகு என் கணவர் நீல வால்வைத் திறந்து மூடிக்கொண்டே சொன்னார்.

“அது மட்டும் கெடைச்சிட்டுன்னு வையி. அதுக்கப்புறம் நான் ஏன் கப்பலுக்குப் போறேன்?”

எனக்கு வேண்டியது அவ்வளவுதான். நோயாளிகளுக்காக, ஊருக்காக என்றெல்லாம் நான் விண்ணப்பத்தில் எழுதினேன். பொய் இல்லை. ஆனால் கையெழுத்துப் போடும்போது மனசில் இருந்தது ஒன்றே ஒன்று. இந்த மனிதர் இனி பெட்டி கட்டக்கூடாது.

சென்னையில் ஒரு வழக்கறிஞர் அம்மா விண்ணப்பத்தைத் தயார் செய்தார். சின்ன வயசு, சுறுசுறுப்பு. சிகிச்சை முறைக்கு நம் நாட்டில் காப்புரிமை கிடையாது, மனிதனைக் குணமாக்குகிற வழியை யாரும் சொந்தம் கொண்டாட முடியாது என்று முதலிலேயே விளக்கினார். அதனால் சிகிச்சை என்று மட்டும் சொல்லாமல், அறைகளும் குழாய்களும் உள்ள தொட்டி அமைப்பு என்று சேர்த்து எழுதினார். பிறகு கேட்டார்:

“இதை ஏற்கெனவே எங்கேயாவது வெளியிட்டிருக்கீங்களா மேடம்? ஜர்னல், கான்ஃபரன்ஸ், எக்ஸிபிஷன்?”

“எங்கேயும் இல்லை” என்றேன். மனதார அப்படித்தான் நினைத்தேன். அம்மனிடம் சொன்னதை வெளியிட்டது என்று எங்கள் பக்கத்தில் யார் நினைப்பார்கள்? அது கொடுத்தவளிடம் கணக்கு ஒப்பிக்கிறது. ஊர் கூட இருந்து கேட்டது, அவ்வளவுதான்.

விண்ணப்பம் நகர்கிற வேகத்தில் நகரட்டும், அதுவரை ஒரே ஒரு கப்பல், இதுதான் கடைசி என்று சொல்லிவிட்டு அவர் போனார். அவர் கடலில் இருக்கும்போதுதான் காப்புரிமை அலுவலகத்தின் பரிசோதனை அறிக்கை வந்தது. இரண்டு ஆட்சேபணை. இதில் பெரும்பகுதி சிகிச்சை முறை என்பது ஒன்று. வழக்கறிஞர் அதை எதிர்பார்த்திருந்தார், அந்தப் பகுதியை வெட்டிவிட்டுத் தொட்டியை மட்டும் காப்பாற்றலாம் என்றார். இன்னொன்று அந்த வீடியோ. விண்ணப்பம் போடுவதற்கு முன்பே தொட்டியின் அமைப்பு முழுவதும் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியாகிவிட்டது, எனவே புதிது இல்லை.

அத்தையிடம் சொன்னேன். குச்சியை ஊன்றிக்கொண்டு எழுந்தே விட்டார்.

“சாமிட்ட சொன்னது குத்தமாம்மா? அப்ப சாமிட்ட சொல்லாம இருந்து காலு திரும்பவும் விழுந்துட்டா, கவர்மெண்டா வந்து தூக்கும்?”

வழக்கறிஞர் சோர்ந்துவிடவில்லை. ஒரு வழி இருந்தது. கண்டுபிடித்தவருடைய சம்மதம் இல்லாமல் வேறு ஒருவர் அதை வெளியிட்டுவிட்டால், அந்த வெளியீட்டைக் கணக்கில் எடுக்க வேண்டியதில்லை. “கண்டுபிடிச்சது நீங்க. பேசினது சார். உங்களைக் கேக்காம, ஆர்வக்கோளாறுல பேசிட்டார்னு ஒரு அஃபிடவிட் போதும் மேடம். விசாரணைக்கு அப்புறம் எழுத்துமூலமா அதையும் சேர்த்துக் கொடுத்துடலாம்.” வரைவும் அனுப்பிவிட்டார். படித்துப் பார்த்தேன். என் கணவர், என் அனுமதியின்றி, என் நலனுக்கு விரோதமாக, என்று போயிற்று.

அவர் கப்பலிலிருந்து கூப்பிட்டபோது வாசித்துக் காட்டினேன்.

“எழுதிக் குடுத்திரு. எனக்கென்ன மானம் போயிரப்போவுது? நடுக்கடல்ல எவன் வந்து கேக்கப் போறான்?”

“எனக்கு விரோதமா பேசுனீயன்னு கையெழுத்துப் போடச் சொல்லுதீயளா?”

“கையெழுத்துத்தான? நான் வீட்டுக்கு வரணுமா வேண்டாமா?”

வரணும். போட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். பேனாவை எடுப்பதற்கு முன் அந்த வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். அவர் கேட்கும் இடத்தில் காமிராக்காரன் பெண்கள் பக்கம் திருப்பியிருக்கிறான். பச்சைச் சேலையில் நான் உட்கார்ந்திருக்கிறேன். இப்படி நான் சிரித்த போட்டோ ஒன்றுகூடக் கிடையாது. தலையாட்டுகிறேன். ஒரு தடவை இல்லை, மாடு மாதிரி ஆட்டிக்கொண்டே இருக்கிறேன். அந்தப் பெண் மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது. அவளுக்கு இருந்ததெல்லாம் எனக்குத் திரும்ப வேண்டும் என்று இருந்தது. அன்றைக்குக் கையெழுத்துப் போடவில்லை, நாளைக்குப் போடலாம் என்று வைத்துவிட்டேன்.

விசாரணை கணினி வழியாக. மருத்துவமனையில் பயிற்சி அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். திரையில் ஒரு பக்கம் வழக்கறிஞர், இன்னொரு பக்கம் காப்புரிமை அலுவலக அதிகாரி. நடு வயசு அம்மா, மூக்குக்கண்ணாடி, தன்மையான பேச்சு. எல்லாம் ஆங்கிலத்தில் போயிற்று. சிகிச்சை பற்றிய பகுதிகளை வழக்கறிஞர் விட்டுக்கொடுத்தார். வீடியோவுக்கு வந்ததும், விண்ணப்பதாரரின் சம்மதம் இல்லாமல் நடந்தது, பிரமாணப் பத்திரம் தருகிறோம் என்றார்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே தமிழுக்கு வந்தார்.

“வீடியோவை நான் முழுசாப் பார்த்தேன். பேசுறவர் நடுவுல நிறுத்தி ஒருத்தங்ககிட்ட, சொல்லட்டுமான்னு கேக்கிறார். அவங்க தலையாட்டுறாங்க. அது யார்?”

வழக்கறிஞர் அவசரமாக, எழுத்தில் பதில் தருகிறோம் என்றார். ஒரு நொடிதான் இருந்திருக்கும். பேசாமல் இருந்திருக்கலாம். நான் அப்போது நீதி நேர்மை எதையும் நினைக்கவில்லை. ஊர் கூடிய இடத்தில் பேச்சை நிறுத்தி என்னிடம் அனுமதி கேட்ட மனிதரை, கேட்காமல் பேசினார் என்று சொல்ல வாய் வரவில்லை. மைக்கைத் திறந்தேன்.

“தலையாட்டுனது நான்தான் மேடம். அவங்க என்னயக் கேட்டுட்டுத்தான் சொன்னாங்க.”

வழக்கறிஞர் கண்ணை மூடிக்கொண்டார். அதிகாரி எதையோ குறித்துக்கொண்டார். முடிக்கும்போது, “அந்த அம்மா இப்ப நடக்கிறாங்களா?” என்று கேட்டார். நடக்காங்க என்றேன். உத்தரவு வர அதிக நாள் ஆகவில்லை.

கோயம்புத்தூர்க்காரர் மரியாதையாக வருத்தம் தெரிவித்துவிட்டு விலகிக்கொண்டார். இப்போது யார் வேண்டுமானாலும் அந்தத் தொட்டியைக் கட்டலாம். கட்டவும் செய்கிறார்கள். ராமநாதபுரம் பக்கத்திலிருந்து ஒருவர் போன் போட்டு, மஞ்சள் அறைத் தண்ணீருக்கு எத்தனை டிகிரிக் கனம் என்று வீடியோவில் சரியாகக் கேட்கவில்லை, சொல்லுங்கள் என்றார். சொன்னேன். என் கணவர் லீவில் வந்தார், கொஞ்ச நாள் இருந்தார், அடுத்த கப்பலுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். போகும்போது ஒரு வார்த்தை குற்றமாகச் சொல்லவில்லை. தொட்டியின் வால்வுக்கெல்லாம் மறுபடி பெயிண்ட் அடித்துவிட்டுப் போனார்.

உண்மையைச் சொன்னால் மனசு லேசாகும் என்பார்கள். எனக்கு ஆகவில்லை. அன்றைக்கு அவரைக் காட்டிக்கொடுக்காமல் இருந்தேன் என்ற திருப்தி ஒரு வாரம் தாங்கியது. பிறகு அவருடைய சட்டைகள் அலமாரியில் மடித்தது மடித்தபடி இருந்தன. சாயங்காலம் நான் வேலை முடிந்து வரும்போது அத்தை கேட் வரைக்கும் நடந்து வந்து நிற்பார், “அவன் எப்பளா வாரான்?” என்று கேட்பார். அந்தப் புகழ்ச்சியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? யாராவது வந்து, அந்த மதியத்தைக் கொடுத்துவிடு, ஆளைத் தருகிறேன் என்றால் இன்றைக்கே கொடுத்துவிடுவேன். பம்பு ஷெட் சுவரில் சாய்ந்து அவர் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். பக்கத்தில் நான் இருக்க வேண்டும். மோட்டார் ஓடாவிட்டாலும் பரவாயில்லை.

போன வாரம் கூப்பிட்டார். உற்சாகமாக இருந்தார். வீடியோவை எத்தனையோ பேர் பார்த்துவிட்டார்களாம், கப்பல் சமையல்காரன்கூடப் பார்த்துவிட்டு இவருக்குக் கை கொடுத்தானாம்.

“அன்னைக்கு அவசரத்துல உன்னப் பத்திப் பாதிதாம்ளா சொன்னேன். அடுத்த கொடைக்கு லீவு கெடைச்சா மிச்சத்தையும் சொல்லுதேன், பாரு.”

“நீங்க ஒண்ணும் சொல்லாண்டாம்” என்றேன். “வந்து பேசாம வீட்டுல இருங்க. எனக்கு அது போதும்.”

அந்தப் பக்கம் என்ஜின் இரைச்சல் மட்டும் வந்தது. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

“கேக்குதா?” என்றேன்.

“கேக்குது” என்றார்.